மாவட்ட டீமுக்குப் போன பையன் கீப்பர் பையைத் தூக்க மாட்டேன் என்கிறான்

செஞ்சை_செம்மண் (இழை தொடங்கியவர்)

வணக்கம். காரைக்குடியில் சாயங்காலம் பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளத்துக்கு இல்லை. நான் ஆடிய ஆட்டம், விட மனசு வரவில்லை. பதினாலு பேர் வருகிறார்கள், எல்லாரும் எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிறவர்கள். தரை செம்மண். அரை மணி நேரம் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டால்தான் பந்து ஒழுங்காக ஓடும்.

இதில் ஒருவன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன். ஜெர்சி நம்பர் பத்து, இங்கேயும் பத்து என்றே சொல்கிறேன். போன ஆகஸ்டில் மாவட்ட டீமுக்கு எடுத்தார்கள். அதிலிருந்து ஆள் மாறிவிட்டான். கோடு போட்டு முடித்த பிறகுதான் வருகிறான். கீப்பரின் பேடு, காப்பு எல்லாம் இருக்கும் பையைத் தொடுவதில்லை. பந்து கிடைத்தால் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

போன சனிக்கிழமை சிவகங்கையில் மேட்ச். மூன்றாவது குவார்ட்டரில் 2-1 என்று முன்னால் இருந்தோம். இரண்டு கோலும் அவன் போட்டதுதான், அதை மறைக்கக் கூடாது. வலது பக்கம் பந்தோடு டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்குள் நுழைந்தான். இரண்டு பேர் மறித்துவிட்டார்கள். அந்தப் பக்கக் கம்பத்துக்கு அருகே நம்ம லெஃப்ட் இன் பையன், இடது பக்கம் முன்னால் ஆடுகிறவன், மட்டையைத் தரையில் தட்டித் தட்டிக் கேட்கிறான். அவன் பக்கத்தில் ஒரு ஆள் கூட இல்லை. லேசாகத் தள்ளிவிட்டிருந்தால் போதும். தள்ளவில்லை. பந்து பறிபோனது. இவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். நாலே பாஸில் நம்ம கோலுக்கு வந்து போட்டுவிட்டார்கள். 2-2. இவன் அங்கிருந்தே கீப்பரைப் பார்த்துக் கத்துகிறான், “கண்ணு தெரியலையாடா?” என்று. அம்பயர் வந்து கண்டித்தார். அவரிடமும் வாயைக் கொடுத்தான். பச்சை அட்டை. இரண்டு நிமிடம் பத்துப் பேரோடு ஆடினோம், அந்த இரண்டு நிமிடத்தில்தான் மூன்றாவது கோல் விழுந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டான். கீப்பர் பையன் எட்டாவது படிக்கிறவன். பின்னால் கடைசி சீட்டில், அவன் உயரத்துக்கு இருக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு, காரைக்குடி வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கிக்கரில், அதாவது ஷூவுக்கு மேல் மாட்டும் காப்பில், வார் அறுந்து மூன்று மாதம் ஆகிறது. சணல் கயிறு போட்டுக் கட்டித்தான் ஆடுகிறான்.

பத்தை ஆட விடாமல் உட்கார வைப்பதா, கூப்பிட்டுப் பேசுவதா, வீட்டில் சொல்வதா? ஆடியவர்கள், பிள்ளைகளை ஆட அனுப்புகிறவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்

இரண்டு மேட்ச் வெளியே உட்கார வையுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம். தோற்றாலும் பரவாயில்லை. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம்ம பாஸ்கரன் கேப்டனாக இருந்து ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்து தங்கம் வாங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். அந்த உற்சாகத்தில் எங்கள் தெருவில் இருபது பேர் மட்டை பிடித்தோம். எங்கள் வாத்தியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் பந்து எண்ணிச் சாக்கில் கட்ட வேண்டியது கேப்டன். ஒரு பந்து குறைந்தால் இருட்டினாலும் கேப்டன்தான் முள்ளுக்குள் போய்த் தேட வேண்டும். அதனால் கேப்டன் பதவிக்கு யாரும் அலைந்ததில்லை. வந்தவர்கள் ஒழுங்காக இருந்தார்கள்.

கோட்டையூர்_அம்மா

உட்கார வைக்க வேண்டாம் சார். மட்டையைத் தட்டிக்கொண்டு நின்ற அந்த லெஃப்ட் இன் மாதிரிதான் என் மகனும், வேறு டீமில் ஆடுகிறான். பந்து வராமல் நின்று நின்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். இருந்தும் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு இது விளையாட்டு மட்டும் இல்லை. விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்குமா, காலேஜில் சேர முடியுமா, நாளைக்கு அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் நுழைய முடியுமா என்று வீட்டில் எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். தேர்வு நடக்கும் இடத்துக்கு நான் போயிருக்கிறேன். காலையில் நூறு பையன்கள் நிற்பார்கள், ஒருவனுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த ஐந்து நிமிடத்தில் அழகாக ஒரு பாஸ் போட்டவன் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கோல் போட்டவன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். என் மகன் திரும்பும்போது கேட்டான், “அம்மா, நான் பாஸ் போட்டது தப்பா?” என்ன சொல்வது? இன்னமும் எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. பெரியவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டான், அவ்வளவுதான். தண்டிப்பதற்கு முன் அதை யோசியுங்கள். அம்பயரை எதிர்த்துப் பேசியதற்கும் கீப்பரைக் கத்தியதற்கும் கண்டிப்பாகக் கேளுங்கள். அது வேறு.

தேவகோட்டை_ரைட்ஹாஃப்

ஆச்சி சொல்வது சரி. ஆனால் செய்ய ஒன்று இருக்கிறது. நான் ஆடும் காலத்தில் எங்கள் மிஸ் செய்தது, இப்போது நான் பிள்ளைகளுக்குச் செய்வது.

அவனைப் பெனால்டி கார்னரில் புஷ் பண்ணப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு.

ஹாக்கி ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெனால்டி கார்னரில் ஒருத்தி பின்கோட்டில், கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே வைத்து நின்று பந்தைத் தள்ளுவாள். டி-க்கு வெளியே ஒருத்தி அதை நிறுத்துவாள். மூன்றாவது ஆள் அதைக் கோலை நோக்கி ஃபிளிக் பண்ணுவாள். எதிரே கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் இருந்து பாய்ந்து வருவார்கள். எல்லாம் இரண்டு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும். பேப்பரில் வருவது மூன்றாவது ஆள் பெயர் மட்டும்.

நான் கோல் போடுகிறவள் என்ற நினைப்பில் இருந்தபோது மிஸ் என்னைப் பின்கோட்டுக்கு அனுப்பினார்கள். முதல் வாரம் அழுகை. நம்ம செம்மண்ணில் பந்து உருளாது, குதிக்கும். கொஞ்சம் மேலே ஏறினால் நிறுத்துகிறவள் மட்டைக்கு மேலே போய்விடும். கொஞ்சம் மெதுவாகப் போனால் எதிரி வந்துவிடுவாள். முட்டி கிட்டத்தட்ட தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து, மட்டையின் வளைவில் பந்தை ஒட்டவைத்து இழுத்துவிட வேண்டும். நல்ல புஷ் வந்தால் கையிலேயே தெரியும். இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒன்று புரிந்தது. நான் அதுவரை போட்ட கோல் எதுவும் நான் போட்டதில்லை. இதே இடத்தில் நின்று எனக்காக இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவள் பெயரைக்கூட நான் சரியாகச் சொன்னதில்லை, “ஏய் புஷ்ஷு” என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டு இருந்தார்கள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்றும் அவள்தான் எனக்கு நெருங்கிய தோழி.

புத்தி சொன்னால் பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். இடத்தை மாற்றி நிற்கவைத்தால்தான் உடம்புக்குத் தெரியும்.

கண்டனூர்_கீப்பர்

பன்னிரண்டு வருடம் கீப்பராக நின்றவன். இப்போது வெளிநாட்டில் வேலை. அந்தக் கடைசி சீட்டுப் பையனைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கீப்பருக்கு மட்டும்தான் தப்பு ஸ்கோர் போர்டில் ஏறும். ஃபார்வர்டு பத்து வாய்ப்பைத் தவறவிட்டாலும் பதினொன்றாவதில் போட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை அந்தப் பையன் பார்த்திருப்பான். காலிறுதியில் 17-ஆவது நிமிடம் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேர். முன்னால் ஆடுகிறவர்கள் எல்லாம் டி-க்குள் வந்து பந்தை மறித்தார்கள். பிரிட்டனோடு 1-1, அப்புறம் ஷூட் அவுட்டில் 4-2. அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது வெண்கல மேட்ச். ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்தோம். இரண்டு கோலும் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் போட்டது, அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் 10 கோல் போட்டவர் அவர். ஆட்டம் முடிந்ததும் அவர் என்ன செய்தார்? கீப்பர் ஸ்ரீஜேஷைத் தன் தோளில் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு நடந்தார். ஆளையே தூக்கினார். நம்ம பத்து பையைத் தூக்க மாட்டேன் என்கிறான்.

செஞ்சை அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் எந்த நாளிலிருந்து பையைத் தூக்கவில்லை? முதல் நாள் அவனாக விட்டானா, இல்லை யாராவது விடச் சொன்னார்களா?

செஞ்சை_செம்மண்

தம்பி, இரண்டு நாளாக உங்கள் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது.

நான்தான். மாவட்ட டீமுக்கு எடுத்த அன்று பயிற்சி முடிந்து அவன் வழக்கம்போல் பையைத் தூக்கப் போனான். “நீ வேண்டாம்டா, தோள்பட்டை பிடித்துக்கொள்ளப் போகுது, சின்னப் பசங்க தூக்கட்டும்” என்று நான்தான் சொன்னேன். எல்லார் முன்னாலும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 10-ஆம் தேதி ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல மேட்சை மைதானத்திலேயே உட்கார்ந்து என் போனில் எல்லாரும் பார்த்தோம். அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்னால் இருந்து, கடைசி குவார்ட்டரில் நாலு கோல் போட்டு 4-2 என்று நம்ம பையன்கள் ஜெயித்தார்கள். நாலு கோலும் நாலு வேறு ஆள் போட்டது. அதைப் பார்த்துவிட்டு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பத்தின் தோளைத் தட்டி, “அடுத்தது நீதான்டா” என்றேன். மற்ற பதின்மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கீப்பர் பையன் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தான், எல்லாருக்கும் தெரியட்டும் என்று கையை நீட்டியபடி.

கோவில்பட்டி_மட்டை

வேலைக்காகக் காரைக்குடியில் இருக்கிறேன், சொந்த ஊர் பெயரிலேயே தெரியும்.

செஞ்சை சார், நீங்கள் உங்களையே ரொம்ப நொந்துகொள்ள வேண்டாம். இங்கே வேறொரு விஷயமும் இருக்கிறது. அந்தப் பையனைவிட நன்றாக ஆடுகிறவன் இங்கே யார்? யாரும் இல்லை. அதுதான் சங்கடம். எங்கள் ஊரில் ஒருவனுக்குத் தலை கனக்க ஆரம்பித்தால் அடுத்த தெருவில் அவனைவிட நன்றாக ஆடுகிற ஒருவன் இருப்பான். அவனைத் தாண்டினால், இந்திய டீமுக்கு ஆடிய மாரீஸ்வரன் நடந்த அதே ஊர் அது. லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வெளிமாநில டீம்கள் வந்து ஆடுவதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெரிய ஆட்டக்காரன் பந்தை வாங்கும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டால், நமக்கு எவ்வளவு தெரியாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய டீமில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் இருந்தார்கள். இரண்டும் பெரிய நகரம் இல்லை. செட்டிநாட்டுப் பையனுக்கும் அது நடக்கலாம், அதற்கு இந்தப் பத்து அவனைவிடப் பெரிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். பொங்கல் லீவில் பதினாலு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். செயற்கைப் புல்தரையில் ஆட ஏற்பாடு செய்ய நான் கேட்டுப் பார்க்கிறேன். தங்க, சாப்பிட எங்கள் வீட்டு மாடி இருக்கிறது.

பள்ளத்தூரான்

உட்கார வைக்கச் சொன்ன என் வார்த்தையை அப்படியே வாபஸ் வாங்கவில்லை, ஆனாலும் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போவது நல்ல யோசனை. வேன் வாடகையில் பாதி நான் தருகிறேன்.

தேவகோட்டை_ரைட்ஹாஃப்

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தப்பாகப் போய்விடும்.

பணிவு என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நம்ம பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். எனக்கு வீட்டில் தினமும் சொன்னது “அடக்கமா இரு”. அதை மைதானத்துக்கும் கொண்டுபோய்விட்டேன். என் பின்னால் ஒருத்தி ஓடுவது தெரிந்தும் கூப்பிட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, கோல் வாங்கியிருக்கிறோம். ஹாக்கியில் கத்த வேண்டும். “பின்னாடி ஆள்”, “விடு”, “எனக்கு”, “நான் இருக்கேன்” என்று கத்துகிறவள்தான் டீமுக்காக ஆடுகிறவள். அந்தக் கீப்பர் பையனுக்கு முதலில் கத்தக் கற்றுக்கொடுங்கள். முழு மைதானமும் அவன் கண்ணுக்குத்தான் தெரியும். பத்தாவது படிக்கிறவனை, “டேய் அண்ணா, இறங்கி வா!” என்று எட்டாவது பையன் உரக்கக் கூப்பிட வேண்டும். அவன் இறங்கி வர வேண்டும். இரண்டும் நடந்தால்தான் டீம்.

செஞ்சை_செம்மண்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பலர் தனியாகவும் விசாரித்தீர்கள்.

முதல் வேலையாக எல்லாரையும் உட்காரவைத்து, பையைப் பற்றி அன்று நான் சொன்னது தப்பு என்றேன். அந்த வாரம் முழுக்கக் கீப்பர் பையை நான் தூக்கினேன். அடுத்த வாரத்திலிருந்து நோட்டில் பெயர் எழுதி முறை வைத்தோம். பத்தைக் கார்னரில் புஷ்ஷுக்கு மாற்றியதும் முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் வரவில்லை. நான் போன் பண்ணவில்லை, அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது நாள் வந்தான், கோடு போட்ட பிறகுதான். ஆனால் வந்தான். அவன் அம்மாவிடம் போய் இடத்தை மாற்றியது ஏன் என்று விளக்கினேன். தேர்வுக்குக் குறை வராது, இரண்டு வேலையும் தெரிந்தவன் என்று நானே எழுதிக் கொடுப்பேன் என்றேன். கோட்டையூர் அம்மா எழுதியதைப் படித்திருக்காவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

பொங்கலுக்குக் கோவில்பட்டி போனோம். 0-6. செயற்கைத் தரையில் பந்து போகும் வேகத்துக்கு நம்ம பையன்கள் மட்டையை வைப்பதற்குள் தாண்டிவிடுகிறது. நாலாவது கோலுக்குப் பிறகு பத்து கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை, பேசவே இல்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனபோது அவன் மட்டும் எதிர் டீம் சென்டர் ஹாஃபிடம் போய் நின்றான். இவனைவிட ஒரு வயது சின்னவன். ஓடிக்கொண்டே பந்தை எப்படி நிறுத்துகிறாய் என்று கேட்டிருக்கிறான். அந்தப் பையன் மட்டையைச் சாய்த்துக் காட்ட, இவன் அப்படியே செய்து பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம். வேன் கிளம்ப வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன்.

போன ஞாயிறு இங்கே குறுவட்ட டீம் ஒன்றோடு மேட்ச், 1-1. மூன்றாவது குவார்ட்டரில் பத்து மறுபடியும் தனியாகவே போய்ப் பந்தை விட்டான். அந்தப் பழக்கம் போகவில்லை. பின்னாலிருந்து கீப்பர், “அண்ணா, இறங்கு, இறங்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். பத்து இடுப்பில் கை வைக்கப் போனவன் திரும்பி ஓடினான். ஐம்பது மீட்டர் இருக்கும். நம்ம டி-க்கு வெளியே மட்டையைக் குறுக்கே போட்டு விழுந்து பந்தைத் தட்டிவிட்டான். முழங்கையில் தோல் உரிந்து செம்மண் அப்பிக்கொண்டது.

அதைவிட நான் பார்த்தது இடைவேளையில். பேடு கட்டிக்கொண்டால் கீப்பரால் ஒழுங்காகக் குனிய முடியாது. சணல் அவிழ்ந்து கிக்கர் தொங்கிக்கொண்டு இருந்தது. பத்து அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, சணலை வாயில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான். “டைட்டா இருக்காடா?” என்று கேட்டான். அவன் “இன்னும் கொஞ்சம்” என்றான். மறுபடி அவிழ்த்துக் கட்டினான்.

சிவகங்கையில் கத்தியதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ்ஸில் இன்னும் முன் சீட்டுதான். நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கண்டனூர்_கீப்பர்

சணல் போதும் அண்ணே. என்னுடைய கிக்கர் ஒரு ஜோடி ஊரில் வீட்டுப் பரணில் இருக்கிறது, நல்ல நிலையில். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு வருகிறேன், எடுத்து வருகிறேன். பையனின் ஷூ சைஸ் மட்டும் சொல்லுங்கள். கோணம் பார்த்து வெளியே வந்து நிற்பதைப் பற்றியும் அவனோடு ஒரு காலை நேரம் பேச வேண்டும்.

செஞ்சை_செம்மண்

சைஸ் 6 தம்பி. ஞாயிறு காலை ஆறரைக்கு ஆட்டம். கல் பொறுக்குவது ஆறு மணிக்கு, அப்போதே வந்துவிடுங்கள்.